நாலாவது மேசையின் பந்தி

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் அன்பு மெஸ்ஸின் நாலாவது மேசையில், 2022ஆம் வருஷம் மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்குச் சாப்பிட உட்கார்ந்த கண்டக்டர் சவுரிராயன், இரண்டு வருஷமும் எட்டு நாளும் கழித்துத்தான் எழுந்தார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய இலை வாடவில்லை. வலது கையில் ஒட்டியிருந்த மோர்ச் சாதத்தின் ஈரம் காயவில்லை. அவருக்கு மறுபடி பசியெடுக்கவில்லை, வேறு இயற்கை உபாதைகளும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விஷயத்தை யாரிடம் ஆரம்பித்தாலும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது.

விழுப்புரத்தில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைக்கும் மெஸ் நாற்காலி என்பது யாருக்கும் சொந்தமில்லாத பொருள். நீங்கள் ரசத்துக்கு வரும்போதே உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மோருக்கு வரும்போது தொண்டையைச் செருமுவார். மோரையும் முடித்துவிட்டு நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால், சப்ளை செய்கிற இளவரசி வந்து “வேற எதுனா வேணுமா?” என்று கேட்பாள். அதற்கு எழுந்து போ என்று அர்த்தம். அதற்கும் அசையவில்லையென்றால் ஈரத்துணியை எடுத்து வந்து உங்கள் முழங்கையைச் சுற்றி மேசையைத் துடைப்பாள். சுவரில் ஒரு பலகை வேறு உண்டு. ‘சாப்பிட்டவுடன் எழுந்து அடுத்தவருக்கு இடம் தரவும்’ என்று மெஸ்ஸை நடத்துகிற அன்புச்செல்வியே பச்சைப் பெயின்ட்டில் எழுதியது. வெளியூர்க்காரர்கள் இதை மரியாதைக்குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா எழுந்த நாற்காலியில் மூட்டை தூக்குகிறவர் உட்காருவார், அவர் எழுந்ததில் காலேஜ் டீச்சர் உட்காருவார். முன்னால் இருந்தவரின் உடம்புச் சூடு இன்னும் நாற்காலியில் இருக்கும். அவர் யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமில்லை. நீங்கள் சாப்பிட்ட இலையையும் இன்னொருவர் வந்து எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் இவ்வளவு நல்ல பழக்கம் வேறு எந்த இடத்திலும் கிடையாது.

சவுரிராயனுக்கும் இந்த இடம் அதனால்தான் பிடித்திருந்தது. கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் காலனியைச் சேர்ந்தவர். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். பூமாலை டிரான்ஸ்போர்ட்டில் விழுப்புரம் - திண்டிவனம் வண்டியில் முப்பத்து நாலு வருஷம் கண்டக்டராக இருந்தவர். அதாவது முப்பத்து நாலு வருஷம் நின்றுகொண்டே இருந்தவர். அன்றைக்கு அவருக்குக் கடைசி டூட்டி. கம்பெனியில் ஒரு மாலை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் மோர்ச் சாதம் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த கோலியனூர் அரிசி வியாபாரி ஒருவருக்கு போன் வந்தது. இரண்டு வாய் சாம்பார் சாதத்தோடு, அப்பளத்தைத் தொடாமல், அந்த மனிதர் எழுந்து ஓடிவிட்டார். சவுரிராயன் அந்தப் பாதி இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் கால் மணி நேரம் சும்மா இருந்தார். அன்புச்செல்வி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

“அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தாம்மா கீறேன். பக்கத்துல சாப்டுக்கினு இருக்காங்கல்ல? அவுங்க முடிக்காம நாம எப்டி எழுந்துக்கிறது?”

“இன்னாண்ணே, இது இன்னா கல்யாணப் பந்தியா? இங்க ஒருத்தர் முடிச்சா இன்னொருத்தர் வந்து உக்காருவாங்க. நீங்க சொல்றாப்ல பாத்தா பொழுது பூட்டுடும்.”

“போவட்டும்” என்றார் சவுரிராயன்.

அவர் சொன்னது பந்தி மரியாதை. விசேஷ வீட்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது கடைசி ஆள் முடிக்கிறவரைக்கும் யாரும் எழக்கூடாது, கை காய்ந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதியில் எழுந்தால் பக்கத்தில் சாப்பிடுகிறவரைக் கேவலப்படுத்தியதாக ஆகும். ஹோட்டலில் அதற்கு நேர் எதிர் மரியாதை. முடித்ததும் எழாவிட்டால் பின்னால் நிற்கிறவரைக் கேவலப்படுத்தியதாக ஆகும். முப்பத்து நாலு வருஷம் ஹோட்டலில் சாப்பிட்ட ஒரு மனிதர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாரே என்று அன்புச்செல்விக்கு எரிச்சலாக இருந்தது. நாலரை மணிக்கு அவள் புருஷன் ஆனந்தராஜ், மெஸ்ஸில் சமையல் அவர்தான், மார்க்கெட் கமிட்டியிலிருந்து மூட்டை தூக்குகிற நாலு பேரைக் கூட்டி வந்தார். அவர்களில் ஒவ்வொருவரும் எண்பது கிலோ மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றக்கூடியவர்கள். நாலு பேரும் சேர்ந்து தூக்கியும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஒரு நூல் நகரவில்லை. ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் டாக்டர் வந்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு உடம்பு முப்பது வயசுக்காரன் உடம்பு மாதிரி இருக்கிறது என்றார். பங்குச்சாமியார் வந்து ஜெபித்தார். அரிசி வியாபாரியைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்து முழுச் சாப்பாடு போட்டார்கள். அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டார். சவுரிராயன் எழவில்லை. சவுரிராயனின் மனைவி அம்மணி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “அந்த மனுஷன் காலம்பூரா நின்னுக்கினே இருந்தாரு. கொஞ்ச நாளு உக்காரட்டும் வுடுங்க” என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து வந்து அவருக்குச் சட்டை மாற்றிவிட்டுப் போனாள். மாற்றும்போதெல்லாம் பழைய சட்டைப் பையில் இருக்கிற விசிலைப் புதுச் சட்டைப் பைக்கு மாற்றச் சொல்லுவார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

இரண்டு வருஷம் போனது. ஒரு ஐப்பசியில் மழைத்தண்ணீர் மெஸ்ஸுக்குள் கணுக்கால் வரைக்கும் வந்தது. அவர் காலைச் சுற்றி ஒரு சாண் மட்டும் தரை உலர்ந்தே இருந்தது. அன்புச்செல்விக்கு ஒரு நாற்காலி நஷ்டம், ஆனால் ஒரு கண்டக்டர் லாபம். “உள்ள போங்க, உள்ள போங்க, ஒண்ணாவது டேபிள்ல ரெண்டு சீட்டு காலி. யம்மா, கொழந்தய மடில வச்சிக்கோ” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கூட்டத்தை ஒழுங்குபடுத்திவிடுவார். யார் எத்தனை நிமிஷத்தில் முடிப்பார்கள் என்று முதல் கவளத்திலேயே சொல்லிவிடுவார், தப்பாது. அவருக்குப் பக்கத்து நாற்காலிக்கு மட்டும் ஒரு ராசி இருந்தது. அதில் உட்கார்கிறவர்கள் அவசரப்படுவதில்லை. வயலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள், ஜாமீனுக்கு அலைகிறவர்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் எல்லோரும் அந்த நாற்காலிக்குக் காத்திருந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் நிற்கிறவர்கள் அங்கே மட்டும் செருமுவதில்லை.

இப்படியே போயிருந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஜெசிந்தா, இருபத்தேழு வயசு, பாண்டிச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. தேவா என்கிற எலக்ட்ரீஷியனை விரும்பினாள், இரண்டு வீட்டிலும் சம்மதம். தை மாதம் வைத்திருந்த கல்யாணத்தை அப்பாவுக்காக ஒரு தடவை தள்ளிப் போட்டாயிற்று. இப்போது ஜூன் பன்னிரண்டு புதன்கிழமை என்று கண்டமங்கலம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டார்கள். இன்னொரு தடவை தள்ளினால் பையனுக்கு வேறு இடம் பார்ப்போம் என்று தேவாவின் அம்மா சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஜெசிந்தாவும் பிடிவாதக்காரி. “எங்கப்பாதான் என்னக் கையப் புடிச்சி பீடம் வரைக்கும் கூட்டிக்கினு போவணும். மெஸ்ஸுல உக்காந்துக்கினு போன்ல போட்டோ பாக்குறதுக்கா அப்பா? அவரு வரலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்” என்றாள். சொன்னதைச் செய்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். சவுரிராயன் அன்று முதல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இடது கையை மேசையில் ஊன்றி எழப் பார்த்தார். இளவரசி இலை எடுக்கிற சாக்கில் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் அன்புச்செல்விக்கு ஒரு யோசனை வந்தது. பந்தி முடிவது சாப்பிடுகிறவர்கள் முடிப்பதோடு இல்லை, பரிமாறுகிறவர்களும் சாப்பிட்டால்தான் முடியும். அவள் பதினாலு வருஷமாக மெஸ் நடத்துகிறாள், ஒரு நாளும் தன் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மதியத்துக்கு இரண்டு டீ குடித்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போய்தான் சோறு. ஆனந்தராஜ் உப்புப் பார்ப்பதோடு சரி. இளவரசி கிச்சன் படியில் குந்திக்கொண்டு சாப்பிடுவாள். அப்படியானால் சவுரி அண்ணனின் பந்தியில் இன்னும் முடிக்காதவர்கள் நாம்தான் என்று அன்புச்செல்வி முடிவு கட்டினாள். ஊரிலும் எல்லோரும் ஆமாம், அதுதான் விஷயம் என்றார்கள். இவ்வளவு நாள் தோன்றாமல் போனதற்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜூன் இரண்டாம் தேதி ஞாயிறு, கடை விடுமுறை. மூன்று பேரும் நாலாவது மேசையில் சவுரிராயனோடு உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா பரிமாறினாள். அன்புச்செல்வி தன் காரக்குழம்பை முதல்முறையாக இலையில் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்து, புளி தூக்கலாக இருக்கிறதே, இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று புருஷனை முறைத்தாள். பொறுமையாக மோர் வரைக்கும் சாப்பிட்டார்கள். இலையை மூடினார்கள். மூன்று பேரும் கையை வைத்துக்கொண்டு சவுரிராயனைப் பார்த்தார்கள்.

அவர் ஊன்றி எழப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. முடியவில்லை.

ஜெசிந்தா சாம்பார் வாளியைத் தரையில் போட்டாள். “இன்னும் யாருப்பா பாக்கி? ஊரே சாப்ட்டு முடிச்சிருச்சி. இன்னும் யாரு சாப்புடணும் உனக்கு?”

சவுரிராயன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “டிரைவரு.”

“எந்த டிரைவரு?”

“வெங்கடாசலம். பாதியில எழுந்து போனாருல்ல. அந்த எல இன்னும் அப்டியேதாம்மா கெடக்குது.”

இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அப்போதுதான். வெங்கடாசலம் பனமலைக்காரர், பூமாலை டிரான்ஸ்போர்ட்டில் சவுரிராயனோடு ஒரே வண்டியில் பதினோரு வருஷம் ஓட்டியவர். ஓட்டுகிறவரும் சீட்டுக் கிழிக்கிறவரும் புருஷன் பெண்டாட்டியைவிட அதிக நேரம் சேர்ந்திருப்பவர்கள். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். கடைசியில் எல்லாம் வெங்கடாசலத்தின் கால் தன் மூளையைக் கேட்காமல் சவுரிராயனின் விசிலைத்தான் கேட்டது. தினமும் மதியம், அன்புச்செல்வி கைக்கு வருவதற்கு முந்தைய இதே மெஸ்ஸில், இதே நாலாவது மேசையில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட்டார்கள். ஒருவருக்குப் பிடிக்காத பாகற்காய் மற்றவர் இலைக்குப் போகும். 2004இல் வெங்கடாசலத்தின் அண்ணன் மகளுக்குப் பனமலையில் காது குத்து. வெங்கடாசலமே பத்திரிகை வைத்தார், வராவிட்டால் பேசமாட்டேன் என்றார். அம்மணிக்கு மல்லாட்டை பிடுங்குகிற வேலை. அதனால் சவுரிராயன் ஏழு வயசு ஜெசிந்தாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். வெங்கடாசலம் கையைப் பிடித்து இழுத்துப் போய் மூன்றாவது பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். சாம்பார் ஊற்றியாயிற்று. எதிர்வரிசையில் ஒருவர் சவுரிராயனைப் பார்த்து, நீங்கள் கண்டமங்கலத்தில் எந்தத் தெரு என்று கேட்டார். சவுரிராயன் சொன்னார்.

பந்தி கடைசி முனையிலிருந்து எழ ஆரம்பித்தது. யாரும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெங்கடாசலத்தின் அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, எழுந்து வா என்றார். வெங்கடாசலம் எழுந்து போனார். நாற்பத்தைந்து வயசு ஆள். இரண்டு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டிருந்தார், அப்பளத்தைத் தொட்டிருக்கவில்லை. முப்பது பாதி இலைகளுக்கு நடுவில் அப்பாவும் மகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஏம்ப்பா போறாங்க, பஸ்ஸு வந்துச்சா என்று ஜெசிந்தா கேட்டாள். ஆமாம்மா வந்துச்சி, நீ பொறுமையா சாப்புடு என்றார் சவுரிராயன். அதற்குமேல் ரசம் யாரும் கொண்டுவரவில்லை. இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்கள். இலையை நீங்களே எடுத்துப் போட்டுவிடுங்கள் என்று ஒருவர் தூரத்திலிருந்து சொன்னார். இரண்டு இலையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இது நம் ஊர்ப்பக்கம் நடக்காத விஷயம் ஒன்றும் இல்லை. என்றாலும் அது கேவலம், வெங்கடாசலம் செய்தது அதைவிடக் கேவலம். வேறு மாதிரி எழுத எனக்கு மனசு வரவில்லை. சவுரிராயன் மறுநாள் கம்பெனியில் வேறு வண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருஷம் தினமும் பதினொன்று இருபதுக்கு விக்கிரவாண்டி தாண்டி இரண்டு வண்டியும் எதிரெதிரே கடக்கும். இரண்டு பேரும் கையைத் தூக்கியதில்லை.

திங்கட்கிழமை ஜெசிந்தா லீவு போட்டுவிட்டுத் திண்டிவனம் போனாள். வெங்கடாசலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் மகன் வீட்டில் இருந்தார். அவள் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். அவர் பிரிட்ஜ் மேல் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலமெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்த அந்த மனிதருக்கு, காது குத்துக்கு மறுநாளிலிருந்து சோற்றுக்கு முன்னால் மட்டும் முழங்கால் மடங்குவதில்லை. பிடித்து அழுத்தி உட்காரவைத்தாலும் கால் தானாக நிமிர்ந்து ஆளைத் தூக்கி நிறுத்திவிடும். காப்பிக்கு உட்காரலாம், முடி வெட்ட உட்காரலாம், ஸ்டியரிங் முன்னால் எட்டு மணி நேரம் உட்காரலாம், சோற்றுக்கு முடியாது. வீட்டில் பழகிவிட்டார்கள். கல்யாண மண்டபங்களில் பஃபே வந்த பிறகு அவருக்குக் கவலை விட்டது.

ஜெசிந்தா யார் மகள் என்று சொன்னாள். அவர் தட்டை மூடி வைத்தார். நடந்ததையெல்லாம் அவள் சொல்லி முடித்ததும், “அது எப்பவோ முடிஞ்சி போன கதம்மா. கூப்ட்ட எங்கண்ணனே செத்து பத்து வருசம் ஆவுது” என்றார்.

“எங்கப்பாவுக்கு இன்னும் முடியலீங்க” என்றாள் ஜெசிந்தா. “அவரு உங்கள ஒரு வார்த்த திட்டனது இல்ல. நான் நல்லா திட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நீங்க நின்னுக்கினு சாப்புடறதப் பாத்துட்டு திட்டக்கூட வரல. அடுத்த வாரம் புதங்கெழம எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள வந்தா வாங்க.” தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டாள்.

செவ்வாய் போனது, புதன் போனது, வியாழனும் வெள்ளியும் போயின. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, எட்டாம் தேதி சனிக்கிழமை ஒரு மணிக்கு, மெஸ்ஸில் கூட்டம் நெரிகிற நேரத்தில், வெள்ளை வேட்டி கட்டிய உயரமான ஒருவர் உள்ளே வந்து சவுரிராயனுக்குப் பக்கத்து நாற்காலியின் பின்னால், அதன் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காத்திருக்கிற எல்லோரும் நிற்பது போலத்தான் நின்றார். அந்த நாற்காலியில் இருந்த ஒரு டீச்சரம்மா சாப்பிட்டு முடித்து எழுந்து போனார். அவர் உட்காரவில்லை. பின்னாலிருந்த இளைஞன் ஒருவன், பெரியவரே உட்காருங்க, இல்லாட்டி வழி விடுங்க என்றான். அன்புச்செல்வி கல்லாவிலிருந்து பார்த்தாள். அவள் அந்த ஆளை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது. அந்த இளைஞனைச் சட்டையைப் பிடித்து ஒன்றாவது மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சவுரிராயன் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் ஒருவர் முதுகைப் பார்த்தபடி வேலை செய்தவருக்கு அவருடைய மூச்சு தெரியாதா? இப்போது அந்த ஆள் இவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம் இப்படியே போனது. சனிக்கிழமை என்பதால் சட்டை மாற்ற வந்த அம்மணியும், அவளோடு வந்த ஜெசிந்தாவும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

“முட்டி மடங்கல சவுரி” என்றார் வெங்கடாசலம்.  “நானும் பாக்குறேன். மடங்கல.”

சவுரிராயன் இடது கையால் சட்டைப்பையைத் தடவி விசிலை எடுத்தார். நீளமாக ஒரு விசில் கொடுத்தார். பிரேக் போட்ட மாதிரி வெங்கடாசலத்தின் கால் மடங்கி, ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இளவரசி இலை போட்டாள். வெங்கடாசலம் தண்ணீர் தெளித்தார். பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம், சோறு, சாம்பார். முதல் கவளம் பாதி வேட்டியில் விழுந்தது. இரண்டாவது வாய்க்கு அப்புறம் அவர் நிறுத்தி வாசல் பக்கம் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது வாய் எடுத்தார். சாம்பார் முடிந்து காரக்குழம்புக்கு வந்தபோது, “அன்னிக்கி நான் எழுந்திருக்கக் கூடாது” என்றார்.

“கூடாதுதான்” என்றார் சவுரிராயன்.

பரவாயில்லை, விடு என்று அவர் சொல்லுவார் என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. வெங்கடாசலமும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு ரசம் வாங்கினார். சவுரிராயன் அவர் இலையைப் பார்த்தார்.

“அப்பளம்?”

“சாப்புடறேன், சாப்புடறேன்.”

மோரையும் முடித்து வெங்கடாசலம் விரலை வழித்தபோது மணி இரண்டேகால். எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் காலி இலைக்கு முன்னால் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.  பிறகு வெங்கடாசலம் பழைய வண்டியை விற்றுவிட்டார்களா என்று கேட்டார். விற்றுவிட்டார்கள், செங்கல் சூளைக்காரர் வாங்கினார், ஆனால் ஹாரனை மட்டும் கழற்றிக்கொண்டார்கள் என்றார் சவுரிராயன். அந்த ஹாரன் சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். பேரனைப் பற்றி, சர்க்கரை மாத்திரையைப் பற்றி, விக்கிரவாண்டியில் தினமும் ஏறிப் பாதிச் சீட்டு கேட்டு மல்லுக்கு நின்ற ஒரு கீரைக்கார அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். பின்னால் ஒன்பது பேர் பசியோடு நின்றார்கள், ஒருவர் தொண்டையைச் செரும ஆரம்பித்தார். பதினாலு வருஷமாக ஒருவரையும் மூன்று நிமிஷத்துக்குமேல் சும்மா உட்காரவிடாத அன்புச்செல்வி, “நிக்கறவங்க நில்லுங்க, அவசரம்னா அடுத்த கடைக்குப் போங்க. சாப்ட்ட மனுசன் ரெண்டு வார்த்த பேசக்கூடாதா?” என்று கத்தினாள். அவள் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

மூன்று மணிக்கு வெங்கடாசலம் தன் இலையைத் தன் பக்கமாக மூடினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் சவுரிராயன் தன் இலையை மூடினார். மூடிய உடனே அந்த இலை பழுத்து, காய்ந்து, உடைந்து பொடியாகிவிட்டது. இரண்டு வருஷத்து இலை அல்லவா? சவுரிராயன் விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினார். இருவரும் எழுந்தார்கள். கை காய்ந்து கெட்டியாகிவிட்டதால் கழுவப் பத்து நிமிஷம் ஆனது. வெங்கடாசலம்தான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அந்த நாற்காலியை இளவரசி ஒரு கையால் தூக்கி ஓரமாகப் போட்டுத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். செருமிக்கொண்டிருந்தவர் அதில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நாலாவது மேசையில் பக்கத்தில் இருப்பவர் முடிக்கிறவரைக்கும் யாராலும் எழ முடிவதில்லை. நாற்காலி விடாது. வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் பதறுவார்கள், உள்ளூர்க்காரர்கள் அவசரமென்றால் மூன்றாவது மேசையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்த மேசையில் பாதி டிரைவர், கண்டக்டர்கள் சாப்பிடுவதால் ஒன்று நாற்பது டவுன் பஸ் இப்போது ஒன்று நாற்பத்து நாலுக்குத்தான் கிளம்புகிறது. டைம் ஆபீஸில் அப்படியே எழுதிப் போட்டுவிட்டார்கள். பச்சைப் பெயின்ட் பலகை இன்னும் இருக்கிறது, அதை மற்ற மேசைகளுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி கண்டமங்கலம் கோயிலில் சவுரிராயன் மகளைக் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த கால் என்பதால் வேகமாக நடந்துவிட்டார், ஜெசிந்தாதான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. விருந்தில் முதல் பந்திக்கு வெங்கடாசலமும் சவுரிராயனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு வரிசையிலும் நூற்றுப்பத்து பேர், கொஞ்சம் பனமலை ஆட்களும் அதில் உண்டு. எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். இருபது வருஷம் நின்றுகொண்டே சாப்பிட்டவர், உட்கார்ந்து சாப்பிடுகிற சுகத்தில் வெங்கடாசலம் மட்டும் அப்பளத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் எழவில்லை. கை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்தி ஆட்கள் நின்றார்கள், குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தன. கல்யாணப் புடவையில் ஜெசிந்தா பந்தி நடுவே வந்து நின்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள்.

“யாரும் ஏம்ப்பா இன்னும் எழுந்திருக்கல? பஸ்ஸு வரலியா?” என்றாள்.

சவுரிராயன் மகளை நிமிர்ந்து பார்த்தார். “டிரைவரு இங்க சாப்டுக்கினு இருக்காரும்மா. எப்டி வரும்?”

அந்தப் பந்தி எழ மூன்றரை மணி ஆனது.